மாக்ஸி: புட்டியிலிருந்து வந்த துணிச்சல்

ஆங்கிலப் பேச்சுவழக்கில் துணிச்சலைக் குறிக்கும் சொற்களில் பல உடம்புக்குள்ளிருந்து எடுத்தவை. 'கட்ஸ்' என்றால் குடல். 'ப்ளக்' என்பது அறுத்த ஆட்டின் உடலிலிருந்து கசாப்புக்காரர் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றுக்குமான பெயர். 'பேக்போன்' முதுகெலும்பு, 'நெர்வ்' நரம்பு. இந்த உறுப்புகளுக்கு நடுவே ஒரு சொல் மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கும் புட்டியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் 'மாக்ஸி'.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இன்றும் விற்பனையாகும் ஒரு கசப்புப் பானத்தின் பெயர் மாக்ஸி. அதே எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் துணிவு, தெம்பு, அசராத ஊக்கம் என்று பொருள். சொல்லின் பிறப்பைக் கேட்டால் அகராதிகள் பானத்தின் பெயரைக் காட்டி ஒரு வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பானத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்பது ஒன்று. பானத்தின் பெயர் எப்படி ஒரு குணத்தின் பெயரானது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக ஆளுக்கொரு விடை சொல்லி வருகிறார்கள். இரண்டாவதற்கு விடை தெரிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், கூடுதல் ஐயத்தோடு அணுக வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்று தோன்றுகிறது.

சொல்லின் இன்றைய பொருள்

மெரியம்-வெப்ஸ்டர் அகராதி மாக்ஸிக்கு மூன்று பொருள் தருகிறது. உடலும் மனமும் சேர்ந்த சுறுசுறுப்பு ஒன்று. துணிவும் உறுதியும் மற்றொன்று. காரியத்தை முடிக்கத் தெரிந்த சாமர்த்தியம் மூன்றாவது. மூன்றாம் பொருள் இன்று மங்கிவிட்டது. ஆனால் பிறப்பை ஆராய்பவர்கள் அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு சொல்லின் பழைய பொருள்களில்தான் அது வந்த வழியின் தடம் மிஞ்சியிருக்கும்.

எல்லாத் துணிச்சலும் மாக்ஸி ஆகிவிடாது. எரியும் வீட்டுக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கி வரும் தீயணைப்பு வீரரிடம் இருப்பதை இச்சொல்லால் யாரும் குறிப்பதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் இன்று முதலாளியின் அறைக்குள் நுழைந்து சம்பள உயர்வு கேட்டால் அது மாக்ஸி. இடம் சிறியது, ஆள் சிறியவர், எதிரே இருப்பது பெரியது, ஆனாலும் கூசாமல் முன்னே போகிறார் என்ற காட்சி இச்சொல்லுக்குள் இருக்கிறது. சொல்பவரின் குரலில் பாராட்டும் இருக்கும். யிட்டிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ஹுட்ஸ்பா' என்ற சொல்லை வியந்தும் சொல்லலாம், வைதும் சொல்லலாம். 'நெர்வ்' என்பதும் அப்படியே. மாக்ஸியை வசையாகச் சொல்வது அரிது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லைப் பயன்படுத்துவதில் தட்டிக்கொடுக்கும் தொனி கொஞ்சம் கலந்திருக்கிறது என்ற குறை உண்டு. எதிர்பாராதவரிடம் துணிவைக் கண்ட வியப்பு அதில் ஒட்டியிருக்கிறது. அதே சொல்லைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொண்டதும் நடந்தது. ஜெனிஃபர் மாத்யூ எழுதி 2017-இல் வந்த நாவலுக்கும், அதிலிருந்து ஏமி போலர் இயக்கி 2021-இல் வந்த படத்துக்கும் 'மாக்ஸி' என்றே பெயர். பள்ளியில் ஆண்களின் அட்டகாசத்தை எதிர்க்கும் மாணவிகளின் கதை அது.

லோவெல் நகரத்து மருத்துவர்

அகஸ்டின் தாம்ஸன் 1835-இல் மெய்ன் மாநிலத்தின் யூனியன் என்ற சிற்றூரில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் மெய்ன் படைப்பிரிவு ஒன்றில் கேப்டனாக இருந்தார். பிறகு ஹோமியோபதி படித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் துணி ஆலைகளுக்குப் பேர்போன லோவெல் நகரில் மருத்துவம் பார்த்தார். அங்கே அவர் கூட்டிய மருந்துதான் மாக்ஸி. அதை அவர் 1876-இலேயே உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வணிகச்சின்னப் பதிவு 1885-இல்தான் வருகிறது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு விளம்பர வாய்மொழியை நம்ப வேண்டியிருப்பதால், 1885-ஐ உறுதியான ஆண்டாகவும் 1876-ஐ வழக்காகவும் கொள்வதே நல்லது.

அன்றைய முழுப்பெயர் 'மாக்ஸி நெர்வ் ஃபுட்'. அதாவது நரம்புக்கு உணவு. வாதம், மூளை இளகல், தூக்கமின்மை, நரம்புத் தளர்ச்சி என்று அது தீர்க்கும் நோய்களின் பட்டியல் நீண்டது. கசப்பு ஜென்ஷன் என்ற செடியின் வேரிலிருந்து வந்தது. ஐரோப்பிய மருத்துவத்தில் பசியைத் தூண்டவும் செரிமானத்துக்கும் நெடுங்காலம் பயன்பட்ட வேர் அது. சாராயமோ போதையோ தன் மருந்தில் இல்லை என்று தாம்ஸன் சொல்லி விற்றார். அந்தக் காலச் சந்தையில் அது சிறிய விஷயமல்ல. பக்கத்து லின் நகரிலிருந்து வந்த லிடியா பிங்கம் அம்மையாரின் பெண்கள் மருந்தில் சாராயம் தாராளமாக இருந்தது. 1886-இல் அட்லாண்டாவில் பிறந்த கோக்கோ கோலாவில் தொடக்கத்தில் கோக்கேயின் இருந்தது. குடித்துவிட்டு வரும் தைரியத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல்லே உண்டு. துணிச்சலுக்குப் பெயர் கொடுத்ததோ சாராயம் கலக்காத சரக்கு.

இல்லாத லெப்டினன்ட்

பெயருக்கான முதல் விளக்கத்தைச் சொன்னவர் தாம்ஸனேதான். லெப்டினன்ட் மாக்ஸி என்று ஒரு நண்பர் இருந்தாராம். அவர் தென் அமெரிக்காவில் சுற்றியபோது கரும்பு போன்ற ஒரு செடியையும், அதை உண்டு பலம் பெற்ற பழங்குடிகளையும் கண்டாராம். அந்தச் செடியே மருந்தின் ரகசியம், நண்பரின் நினைவாகவே பெயர்.

இதை இன்று ஆராய்ச்சியாளர்கள் யாரும் நம்புவதில்லை. அந்த லெப்டினன்ட் வாழ்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. செடிக்கும் பெயரில்லை. அந்தக் காலத்துப் பேட்டன்ட் மருந்துகளுக்கு இப்படி ஒரு தூரதேசத்துப் பயணியும், ஒரு பழங்குடியும், ஒரு அபூர்வ மூலிகையும் இருந்தே தீர வேண்டும். லேபிளுக்கு ஒட்டும் பசைபோலத்தான் அந்தக் கதைகளும். கட்டுக்கதைக்கு அன்றே விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1907-இல் 'மாடாக்ஸ்' என்ற போட்டிப் பானத்தின்மீது மாக்ஸி நிறுவனம் தொடுத்த வழக்கு ரோட் ஐலண்டின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தபோது, தன் பண்டத்தைப் பற்றி நிறுவனமே செய்துவந்த மிகைக் கூற்றுகள் அதற்கு எதிராகத் திரும்பின.

எனினும் கதையை அடியோடு தூக்கிப்போடுவதற்கு முன் ஒன்று கவனிக்கத்தக்கது. பெயருக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது என்பதே, அது லோவெல் வாடிக்கையாளர்களின் காதுக்குப் புதிதாக இருந்ததைக் காட்டுகிறது. தாம்ஸன் வெறுமனே காதுக்கு இனிய ஒலியைக் கற்பனை செய்திருக்கலாம் என்ற எளிய கருத்துக்கும் இங்கே இடம் உண்டு. அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனாலேயே அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

அருவியும் பழமும்

இன்று செல்வாக்கோடு இருப்பது மெய்ன் மாநிலத்து மண்ணிலிருந்து பெயரைத் தேடும் கொள்கை. மாநிலத்தின் வடமேற்கே, கென்னபெக் ஆற்றில் கலக்கும் ஓடை ஒன்றுக்கு மாக்ஸி என்று பெயர். அது விழும் இடம் மாக்ஸி அருவி, சுமார் 90 அடி உயரம். அருகில் மாக்ஸி குளம், மாக்ஸி மலை, மாக்ஸி கோர் என்ற நிலப்பகுதி. இந்த இடப்பெயர்கள் பானத்துக்கு முந்தியவை என்றே கொள்ளப்படுகிறது. தாம்ஸன் மெய்ன் மாநிலத்துக்காரர். எனவே சொந்த மாநிலத்து இடப்பெயர் ஒன்றை மருந்துக்கு வைத்தார் என்பது கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் விடை. அவர் பிறந்த யூனியன் கடற்கரைப் பக்கம் இருக்கிறது, மாக்ஸி அருவி உள்காட்டில் வெகு தொலைவில் இருக்கிறது என்பது இதன் சிறிய பலவீனம். அவர் அந்தப் பெயரை அறிந்தே எடுத்தார் என்பதற்கு அவர் கையெழுத்தில் சான்று இல்லாதது பெரிய பலவீனம்.

இடப்பெயரின் பொருள் என்ன என்று கேட்டால் சிக்கல் கூடுகிறது. அது அந்தப் பகுதியின் தொல்குடிகளான வபனாக்கி மக்களின் மொழிகளில் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சொல் என்பதில் இரண்டு கட்சிகள். 'இருண்ட நீர்' என்பது ஒரு கட்சி. 'மருந்து' என்பது மற்றது.

இருண்ட நீர் கட்சிக்கு ஒலிநூல் கொஞ்சம் துணை நிற்கிறது. வபனாக்கி மொழிகளில் ஒன்றான மேற்கு அபெனாக்கியில் கருமையைக் குறிக்கும் வேர் 'ம்கஸ' என்பது போல ஒலிக்கும். ம், க், ஸ் என்ற மூன்று மெய்களும் அதே வரிசையில் மாக்ஸியில் இருக்கின்றன. ஆங்கிலேயர் காதில் சொல்தொடக்கத்து மெய்க்கூட்டம் உடைந்து உயிர் இடம்மாறுவது அமெரிக்க இடப்பெயர்களில் அடிக்கடி காண்பதுதான். பொருளும் நிலத்துக்கு ஒத்துப்போகிறது. ஊசியிலைக் காடுகளின் சதுப்புகள் வழியே வரும் ஓடைகள் தேநீர்ச் சாயலில்தான் ஓடும். மெய்ன் மாநிலத்து இடப்பெயர்களைப் பற்றி 1941-இல் பெரிய நூல் வெளியிட்ட ஃபேனி ஹார்டி எக்ஸ்டார்ம், ஓடத்தில் போகிறவருக்குப் பயன்படும் நில அடையாளமாகவே இத்தகைய பெயர்களைப் படிக்க வேண்டும் என்ற போக்கில் எழுதியவர். அந்த அளவுகோலில் 'இருண்ட நீர்' தேறும். ஆனால் நீரைக் குறிக்கும் சொல்லான 'நெபி' மாக்ஸியில் எங்கே போனது என்ற கேள்விக்கு, பெயரின் பின்பாதி தேய்ந்துவிட்டது என்று சொல்வதைத் தவிர வழியில்லை. பாதி மட்டும் மிஞ்சிய பெயரை வைத்து முழுப் பொருள் சொல்வதில் உள்ள ஆபத்து தெரிந்ததே.

மருந்துக் கட்சி பானத்தின் இயல்போடு அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகே அதன்மேல் ஐயத்தையும் கிளப்புகிறது. வபனாக்கி மொழிகளும் அடங்கிய அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தின் வேறு கிளைகளில் மருந்துக்கு ஒஜிப்வே மொழியில் 'மஷ்கிகி', கிரீ மொழியில் 'மஸ்கிஹ்கி' என்பதுபோன்ற சொற்கள் உண்டு. இவற்றைக் காட்டி, அபெனாக்கியிலும் 'மஸ்கி' என்றொரு வடிவம் இருந்திருக்கும், அதுவே மாக்ஸி ஆனது என்கிறார்கள். இதில் இரண்டு இடறல்கள். ஒஜிப்வேயும் கிரீயும் பேசுவோர் மெய்னுக்கு வெகு தொலைவில், பெரும் ஏரிகளைச் சுற்றியும் அவற்றுக்கு அப்பாலும் இருப்பவர்கள். மேற்கு அபெனாக்கி மொழியில் மருந்துக்கு நன்கு தெரிந்த சொல் 'நெபிஸோன்'. அதற்கும் மாக்ஸிக்கும் ஒட்டுறவு இல்லை. அடுத்து, 'மஸ்கி'யில் ஸகரம் முன்னும் ககரம் பின்னும் வருகின்றன. மாக்ஸியில் தலைகீழ். ஒலிகள் இடம்மாறுவது நடக்காததல்ல. ஆனால் தூரத்து மொழியையும் கடன்வாங்கி, ஒலியையும் புரட்டிப்போட்டுத்தான் விடை கிடைக்கும் என்றால் அந்த விடைக்கு வலு குறைவு.

இந்தக் கட்சிக்கு எதிர்பாராத ஒரு சாட்சி உண்டு. அது ஒரு காட்டுச்செடி. மெய்ன் காடுகளில் தரையோடு படர்ந்து வெள்ளை நிறத்தில் சிறு கனி தரும் ஒரு செடியை உள்ளூரில் 'மாக்ஸி பெர்ரி' என்றும் 'மாக்ஸி பிளம்' என்றும் அழைப்பார்கள். அதன் இலையை நீரில் கொதிக்கவைத்துக் குடிப்பதும் உண்டு. மாக்ஸி என்ற சொல் மெய்ன் மக்களின் வாயில் ஒரு மூலிகைப் பெயராக முன்பே புழங்கியிருந்தால், அந்த மண்ணில் பிறந்த மருத்துவர் அதைத் தன் மருந்துக்கு எடுத்தது இயல்பான செயலாகிவிடும். அருவியைவிட மூலிகை அவர் தொழிலுக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செடி பானத்தில் சேர்ந்ததற்குச் சான்றில்லை. செடிக்குப் பெயர் அது வளரும் மாக்ஸி மலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கவும் கூடும். அப்படியானால் வாதம் மறுபடி அருவிக்கே திரும்பிவிடும்.

இங்கே ஒரு கசப்பான சூழலையும் சொல்ல வேண்டும். வபனாக்கி மொழிகளில் சில பேசுவோரை இழந்துவிட்டன. மெய்ன் மாநிலத்தின் பெனோப்ஸ்காட் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை 1990-களோடு மறைந்தது. 'உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்கக்கூடிய காலத்தில் யாரும் இந்தப் பெயரைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் மொழியறியாதவர்கள் சொற்பட்டியல்களைப் புரட்டி ஊகித்தவைதான் இன்று இணையம் முழுவதும் உறுதிச் செய்திபோல உலவுகின்றன.

நரம்பிலிருந்து நெஞ்சுரத்துக்கு

இரண்டாம் கேள்விக்கு அதிகம் பேர் ஏற்கும் விடை, 'நெர்வ் ஃபுட்' என்ற பெயரிலேயே துணிச்சல் ஒளிந்திருந்தது என்பது. லத்தீனில் 'நெர்வுஸ்' என்றால் தசைநார், வில்லின் நாண். ஆங்கிலத்தில் அது முதலில் உடல்வலிமை ஆனது, பிறகு பதறாத நிதானம் ஆனது. 1880-களில் அதற்குத் திமிர், துடுக்கு என்ற கொச்சைப் பொருளும் ஏறியது. மாக்ஸி கடைக்கு வந்ததும் அதே பத்தாண்டில்தான்.

அந்தக் காலம் நரம்பின் காலம். நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட் 1869-இல் 'நியூராஸ்தேனியா' என்ற நரம்புச் சோர்வு நோயைப் பற்றி எழுதினார். 1881-இல் அமெரிக்கர்களின் நரம்புத் தளர்ச்சி குறித்து முழுநூலே வெளியிட்டார். தந்தியும் ரயிலும் நாளிதழும் சேர்ந்து மனிதரின் நரம்பாற்றலைச் செலவழித்துவிடுகின்றன என்பது அவர் வாதம். ஆற்றல் என்பது வங்கிக் கணக்குபோலக் குறையவும் நிரம்பவும் கூடியது என்ற எண்ணம் படித்தவர்களிடம் பரவியது. குறைந்ததை நிரப்ப ஒரு புட்டி போதும் என்று விளம்பரம் சொன்னபோது நம்ப ஆள் இருந்தார்கள். நரம்பு என்றால் உடல்நலமும் அதுதான், துணிச்சலும் அதுதான் என்றிருந்த ஒரு மொழிச்சூழலில், நரம்புக்கு உணவு என்று விற்ற சரக்கின் பெயர் துணிச்சலுக்கு ஆகுபெயராவது எளிது. இலக்கணமும் வரலாறும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் அழகான விளக்கம் இது.

இதன் பலவீனம் காலக்கணக்கில் இருக்கிறது. 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்ததும் இத்தகைய மருத்துவக் கூற்றுகளுக்கு இடமில்லாமல் போனது. மாக்ஸி நரம்பு மருந்து என்ற பட்டத்தைக் கைவிட்டு வெறும் குளிர்பானமாகியது. அகராதிகள் காட்டும் துணிச்சல் பொருளின் தொடக்கமோ 1930. நரம்பு என்ற பேச்சே லேபிளிலிருந்து போய் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்த பிறகு நரம்புச் சிலேடை பிறந்தது என்று சொல்வதற்கு, இடைக்காலத்தில் அது வாய்மொழியாக உயிரோடு இருந்ததைக் காட்ட வேண்டும்.

கசப்பைக் குடிக்கும் வீரம்

இன்னொரு விளக்கம் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் எல்லோரும் சொல்வது. அதைக் குடிக்கவே துணிச்சல் வேண்டும், ஆகவே துணிச்சலுக்கு அந்தப் பெயர். முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் ஒட்டி நிற்கும் வேர்க்கசப்பு என்பதால் புதிதாகக் குடிப்பவர் முகம் சுளிப்பது உண்மை. ஆனால் மாக்ஸி கொடிகட்டிப் பறந்த நாளில் அதைக் குடிப்பது வீரச்செயலாக இல்லை. குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் அதை விரும்பிக் குடித்தார் என்பார்கள். கோலாக்களின் இனிப்புக்கு நாக்கு பழகிய பிறகே மாக்ஸி விசித்திரமானது. அதன்பின் பிறந்த நகைச்சுவை என்று இதை எடுத்துக்கொள்வது பொருத்தம்.

குதிரை ஏறிய விளம்பரம்

மூன்றாவது விளக்கம், சொல்லின் பொருள் புட்டிக்குள்ளிருந்து வரவில்லை, புட்டியை விற்ற முறையிலிருந்து வந்தது என்கிறது. சோடாக்கடைப் பையனாகத் தொடங்கி நிறுவனத்தின் விளம்பரத் தலைமைக்கு உயர்ந்த ஃபிராங்க் ஆர்ச்சர் இதன் நாயகர். மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்தின்மீது ஆளுயரப் பொம்மைக் குதிரையைப் பொருத்தி, ஓட்டுநர் அந்தக் குதிரைமேல் உட்கார்ந்து வண்டியைச் செலுத்தும் 'ஹார்ஸ்மொபைல்' அவர் காலத்து வேடிக்கை. அதற்கு முன்பே பிரம்மாண்டமான புட்டி வடிவ வண்டிகள் கண்காட்சிகளிலும் கடற்கரைகளிலும் நின்று சரக்கு விற்றன. பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டும் இளைஞனின் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. 1928-இல் பாஸ்டனில் எழுந்த ஆலைக்கு 'மாக்ஸிலேண்ட்' என்று பெயர் வைத்தார்கள். நாட்டுக்கு இப்போது வேண்டியது நிறைய மாக்ஸி என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகமும் இருந்தது.

சுறுசுறுப்பு என்ற பொருளுக்கு இந்த விளக்கமே அதிகம் ஒத்துவருகிறது. போலிகளின் பட்டியலும் இதன் பக்கம் நிற்கிறது. 'ப்ராக்ஸி' என்ற போட்டிப் பானத்தை எதிர்த்து நிறுவனம் 1917-இல் வழக்கு வென்றது. பிறகு 'நாக்ஸி' வந்தது. பெயரைத் திருட ஆள் வருவதென்றால் பெயருக்குத் தனி மதிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆனால் விளம்பர வாசகத்தைச் சான்றாக வைப்பதில் ஒரு பொறி உண்டு. நாட்டுக்கு மாக்ஸி வேண்டும் என்பதில் சுவை ஏற்படுவதே கேட்பவர் அதைத் துணிச்சல் என்றும் புரிந்துகொண்டால்தான். அப்படியானால் வாசகம் பொருளைப் பிறப்பித்ததா, தெருவில் ஏற்கெனவே இருந்த பொருளை வாசகம் பயன்படுத்திக்கொண்டதா? தேதியிட்ட சான்றுகள் வரிசையாகக் கிடைக்காதவரை எது முந்தியது என்று சொல்ல முடியாது.

நியூயார்க் தரும் சிக்கல்

மூன்று விளக்கங்களும் போதிய கவனம் கொடுக்காத ஒன்று இருக்கிறது. பானத்தின் கோட்டை பாஸ்டனும் நியூ இங்கிலாந்தும். சொல்லைப் பரப்பிய எழுத்தோ நியூயார்க்கிலிருந்து வந்தது. சூதாடிகள், குத்துச்சண்டைக்காரர்கள், நாடகக் கொட்டகைப் பெண்கள், சில்லறைத் திருடர்கள் புழங்கும் டேமன் ரன்யனின் பிராட்வே கதைகளை இங்கே முதலில் நினைக்க வேண்டும். ரன்யன் ஹெர்ஸ்ட் நாளிதழ்களில் பேஸ்பால், குத்துச்சண்டைச் செய்திகள் எழுதிப் பெயர் பெற்றவர். தெருமொழியைக் காதால் பிடித்து அச்சுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். அவரைப் போன்றோர் எழுத்தில் இச்சொல் வரும்போது விளக்கம் இல்லாமல் வருகிறது. வாசகருக்குத் தெரியும் என்ற தோரணை அதில் இருக்கிறது.

எனவே 1930 என்பது அச்சுக்கு வந்த ஆண்டு. வாய்க்கு வந்த ஆண்டு அதற்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு முந்தியது என்பதுதான் கேள்வி. சிலர் இதை வைத்து, துணிச்சல் என்ற மாக்ஸிக்கும் பானத்துக்கும் உறவே இல்லாமல் இருக்கலாம், திருடர்கள் அல்லது நாடோடிகளின் குழூஉக்குறியில் அது தனியாகப் பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இதற்கு நேர்ச்சான்று ஒன்றும் இல்லை. புட்டிகளிலும் வண்டிகளிலும் சுவர்களிலும் அரை நூற்றாண்டு கண்ணில் பட்ட ஒரு பெயர் இருக்கும்போது, அதே ஒலியில் இன்னொரு சொல் அதற்குத் தொடர்பின்றி முளைத்தது என்று நம்பப் பெரிய காரணம் வேண்டும். ஆனாலும் இந்த ஐயத்தை எழுப்பியதில் பயன் இருக்கிறது. சாமர்த்தியம் என்ற அந்த மங்கிய மூன்றாம் பொருளை நரம்பாலும் விளக்க முடியவில்லை, கசப்பாலும் விளக்க முடியவில்லை. தெருவில் பிழைக்கத் தெரிந்தவர்களின் பேச்சு வழியாகச் சொல் கடந்து வந்தது என்றால் அது விளங்குகிறது. பானத்திலிருந்தே பிறந்து, விளையாட்டு மைதானத்திலும் சூதாட்ட மேசையிலும் பொருள் மாறியது என்று இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் கொச்சையில் இதற்கு ஓர் இணை இருக்கிறது. அங்கே துணிச்சலுக்கு 'பாட்டில்' என்பார்கள். துணிச்சல் போய்விட்டால் பாட்டிலை இழந்தார் என்பார்கள். கேட்டதும் குடித்துவரும் தைரியம் என்று தோன்றும். லண்டன் கிழக்குப் பகுதியின் எதுகைக் குழூஉக்குறியில் ஆசனப்பகுதிக்கு மறைவாகச் சொன்ன 'பாட்டில் அண்ட் கிளாஸ்' என்பதன் சுருக்கம் அது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்தே சொல் வந்திருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வணிகப்பெயர் குணப்பெயராவது

வணிகப்பெயர்கள் பொதுச்சொல்லாவது புதிதல்ல. நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோம். அங்கே பெயர் அதே வகைப் பண்டத்துக்கோ செயலுக்கோ பரவுகிறது. மாக்ஸி பானங்களுக்குப் பொதுப்பெயர் ஆகவில்லை, மனிதரின் இயல்புக்குப் பெயரானது. இந்த வகை அரிது. எதுவும் ஒட்டாத அரசியல்வாதியைச் சுட்ட டெஃப்லான் என்று 1980-களில் அமெரிக்காவில் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே உவமை கண்ணெதிரே இருக்கிறது, ஒட்டாத சட்டியைப் பார்த்தவர் எவருக்கும் புரியும். மாக்ஸியில் உவமையின் நடுக்கண்ணி அறுந்துவிட்டது. மேற்சொன்ன விளக்கங்கள் எல்லாம் அந்த அறுந்த கண்ணியை மறுபடி கோக்கும் முயற்சிகளே.

பானமும் சொல்லும் ஒன்றையொன்று விட்டு விலகிய விதமும் கவனிக்கத்தக்கது. சர்க்கரை விலையும் விளம்பரச் செலவைக் குறைத்ததும் சேர்ந்து பானத்தைச் சரித்தன, கோக்கோ கோலா முந்திக்கொண்டது என்பது வழக்கமான விளக்கம். சொல் நாடெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில் பானம் தன் வட்டாரத்துக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. 1950-களில் பாஸ்டன் பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸைக் கொண்டு செய்த விளம்பரமும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. 2005-இல் மெய்ன் மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வக் குளிர்பானமாக அறிவித்தது. 2018-இல் பெயரையும் பானத்தையும் கோக்கோ கோலாவே வாங்கிக்கொண்டது. சொல் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கோளின் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க நாசா அனுப்பிய கருவிக்கு, முதலெழுத்துகள் மாக்ஸி என்று வருமாறு நீண்ட பெயர் சூட்டினார்கள். 2021 ஏப்ரல் 20 அன்று அது முதல்முறையாக 5 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் எடுத்தது. திட்டத்தை நடத்திய எம்.ஐ.டி. குழுவின் ஹேஸ்டாக் ஆய்வகம் தாம்ஸன் மருந்து கூட்டிய லோவெலுக்கு அருகேதான் இருக்கிறது. இதற்கும் சொற்பிறப்புக்கும் தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முடியாத கணக்குகள்

இன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் லெப்டினன்டை விலக்கிவிடலாம். கசப்பு வீரத்தைப் பின்னாளைய நகைச்சுவை என்று ஒதுக்கலாம். மெய்ன் மாநிலத்து இடப்பெயரோ செடிப்பெயரோ பானத்துக்குப் பெயர் தந்தது என்பது வலுவான ஊகம். அந்தப் பெயரின் மூலப்பொருள் 'இருண்ட நீர்' என்பதற்கு 'மருந்து' என்பதைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. எனினும் வபனாக்கி மொழிகளைத் தாய்மொழியாக ஆழ்ந்து அறிந்தவர் குரல் இந்த விவாதத்தில் போதிய அளவு ஒலிக்காதவரை இதை முடிவு என்று சொல்ல முடியாது.

இரண்டாம் கேள்வியில் தேட வேண்டிய இடம் தெளிவாகவே இருக்கிறது. 1906-க்கும் 1930-க்கும் இடையே வந்த பாஸ்டன், நியூயார்க் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள், கேலிச்சித்திரங்கள், நாடக விமரிசனங்கள் ஆகியவற்றில் சிறிய எழுத்தில் மாக்ஸி எங்காவது வருகிறதா, வந்தால் அது சுறுசுறுப்பா, துணிச்சலா, சாமர்த்தியமா என்று பார்க்க வேண்டும். சுறுசுறுப்பு முதலில் வந்தால் ஆர்ச்சரின் குதிரை வெல்லும். துணிச்சல் முதலில் வந்தால் நரம்பு வெல்லும். சாமர்த்தியம் முதலில் வந்துவிட்டால் அகராதிகள் தங்கள் ஒரு வரியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பழைய நாளிதழ்கள் எண்மமாகி வருவதால் பல கொச்சைச் சொற்களின் முதல் சான்று பத்து, இருபது ஆண்டுகள் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. மாக்ஸியின் 1930-உம் அப்படி நகரக்கூடியதே.